மூன்றாம் தூணுக்குள் இருந்த கயிறு

அன்று நீச்சல் அரங்கத்தின் மேல்வரிசையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நகராட்சிக் கட்டடப் பொறியாளர் ரொஸித்ஸா. அரங்கத்தைப் புதுப்பிக்கச் செலவுத் திட்டம் தயாரிக்கச் சோஃபியாவிலிருந்து வந்த காமென். கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுக்கும் ஜெகோ. அரங்கத்தின் சாவியை வைத்திருக்கும் தின்கா. பிறகு நான், லூபென் வெல்ச்செவ், அந்த அரங்கத்தைக் கட்டிய மேஸ்திரி க்ருஸ்தன் வெல்ச்செவின் மூத்த மகன். வேறு யாரும் இல்லை.

எங்கள் ஊர் நீச்சல் அரங்கம் கருங்கடலின் விளிம்பில் நிற்கிறது. கடல் நீரையே சுவர் வைத்து அடைத்துக் குளமாக்கி, அதைப் பார்த்தபடி படிகளை ஏற்றியிருக்கிறார்கள். படிகளைத் தாங்கும் ஏழு தூண்கள் மேல்வரிசையையும் தாண்டி உயர்ந்து ஒரு காலத்தில் கூரையைச் சுமந்தன. கூரை போய்விட்டது. குளத்தில் பாசி. இருபது ஆண்டுகளாக அங்கே நாரைகளைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை.

நானும் போவேன். மேகமூட்டமான நாட்களில் மட்டும். வெயிலில் கண் கூசுகிறது என்று கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வானம் ஈயம்போல மூடிக் கிடந்தது. நவம்பர் நடுப்பகுதி. கடலிலிருந்து அழுகிய பாசி வாசனை ஏறி வந்தது. இரும்புக் கதவருகே தின்கா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"வெல்ச்செவ் வீட்டுத் துரை வந்தாச்சு," என்றாள் ஜெகோவிடம். "மழைக்கோட்டுக்குக்கூடக் கஞ்சி போட்டிருக்காரு பாரு."

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு, தின்கா அத்தை. உன் விதைத்தொலி மிஷினுக்குள்ள போச்சுன்னா அதையும் கான்கிரீட்னு அறிக்கையில எழுதிடுவாங்க."

தின்கா என்னிடம் நேராகப் பேசி அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காரணம் ஊருக்கே தெரியும். பழைய கட்டடக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தூண் நிற்க மறுத்தால், யாராவது ஒருவரின் நிழலைக் கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றைத் தூணுக்குள் வைத்துப் பூசிவிடுவார்கள். அளக்கப்பட்டவர் நாற்பது நாளுக்குள் இறந்துபோவார். அவர் நிழல் தூணிலேயே இருந்து கட்டடத்தைத் தாங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தின் இலையுதிர் காலத்தில் மூன்றாம் தூணைக் கடல் இரண்டு முறை கொண்டுபோனது. மூன்றாம் முறை அது நின்றது. அந்தக் குளிர்காலத்தில் தொண்டை அடைப்பு நோய் வந்து ஊரில் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் தின்காவின் அண்ணன் பெட்கோ, ஒரு மீனவரின் மகன், ஏழு வயது. இன்னொருவன் என் தம்பி அசென், ஆறு வயது. மேஸ்திரி பெட்கோவைத்தான் அளந்தார் என்று ஊர் முடிவுசெய்தது. அப்பா மறுக்கவே இல்லை. நான் மறுத்தேன். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட மூடத்தனம் கிடையாது என்று மதுக்கடையிலும் தேவாலய வாசலிலும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

காமென் தன் காகிதங்களை மடியில் விரித்தான். கெட்டிக்காரப் பையன், காலணிதான் இந்த இடத்துக்குப் பொருந்தாதது.

"நேரா சொல்லிடறேன், ஐயா. ஏழு தூணும் நல்லா இருந்தா ஏழு மில்லியன் லெவாவுல முடிச்சிடலாம். வருஷம் நாற்பது நாள் போட்டி, கச்சேரின்னு நடந்தா அரங்கம் தன் சோத்தைத் தானே சம்பாதிச்சுக்கும். ஒரு தூண் மோசம்னாலும் செலவு இரட்டிப்பு. அப்புறம் எந்த வங்கியும் திரும்பிப் பார்க்காது. இடிக்கிறதுதான் மலிவு."

"ஆறு தூண் தேறிடுச்சு. இது ஒண்ணுதான் பாக்கி," என்றாள் ரொஸித்ஸா.

மூன்றாம் தூண்.

அதன் கீழ்ப்பகுதியில் அப்பாவின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அந்தப் பெயர் அங்கேயே இருக்க வேண்டும், அவர் கலந்த சிமெண்ட் நேர்மையானது என்று ஒரு வெளியூர்க்காரன் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும். அதற்காகத்தான் நான் நகராட்சியின் புதுப்பிப்புக் குழுவில் சேர்ந்தேன்.

ஜெகோ துளைப்பானை மார்பு உயரத்தில் பொருத்தினான். தண்ணீரும் சாம்பல் நிறச் சேறும் வழிந்தன. ஒரு சாண், ஒன்றரைச் சாண். பிறகு மிஷின் முன்னால் ஒரு குலுக்குக் குலுக்கி வெற்றிடத்தில் பாய்ந்தது. ஜெகோ அதை நிறுத்தினான்.



துளையிலிருந்து சோம்பு மணம் வந்தது. சோம்பு போட்ட சாராயம், அப்பா குடிப்பது. இப்போதுதான் மூடியைத் திறந்ததுபோலப் புதிதாக, இனிப்பாக. அதோடு கொஞ்சம் சூடான காற்றும் வந்தது. வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது.

"மூச்சு விடுது," என்றான் ஜெகோ. அவன் சிரிக்கவில்லை.

வெளியே எடுத்த கான்கிரீட் உருளையின் முனையில் பச்சைக் கண்ணாடி வளையமாகப் பதிந்திருந்தது. உள்ளே ஒரு புட்டியை வைத்துப் பூசியிருக்கிறார்கள். ஜெகோ துளைக்குள் இடுக்கியை நுழைத்து இழுத்தான். கயிறு வந்தது. ஈரமில்லாமல், மக்காமல், நேற்றுச் சுற்றி வைத்ததுபோல வந்தது. அதன் ஒரு முனை வெட்டப்பட்டிருந்தது. மறுமுனையில் ஒரு முடிச்சு.

அப்போது மேகம் விலகியது.

வெயில் எங்கள் முதுகுப் பக்கம், ஊரின் மேலிருந்து விழுந்தது. எங்கள் நிழல்கள் படிகளில் மடிந்து மடிந்து குளம்வரை இறங்கின. ரொஸித்ஸா படம் எடுக்கத் தொலைபேசியை உயர்த்தினாள். பிறகு தாழ்த்தினாள்.

"யாராவது பேரனைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

எல்லோரும் அவள் பார்த்த பக்கம் திரும்பினோம்.

படிகளில் ஆறு நிழல்கள் இருந்தன.

என் நிழலுக்கும் தின்காவின் நிழலுக்கும் நடுவே அது நின்றது. சின்னது. எங்கள் இடுப்பு உயரம்கூட இல்லை. ஜெகோ ஒரு அடி பின்வாங்கினான், அவன் நிழலும் பின்வாங்கியது. அது மட்டும் அசையவில்லை. அதன் ஒரு கை மேலே தூக்கியிருந்தது, பெரியவர்கள் கைபிடித்துக்கொள்ளட்டும் என்று குழந்தைகள் தூக்குவதைப் போல.

"பெட்கோ," என்று தின்கா மூச்சுக்குள் சொன்னாள்.

மேகம் மறுபடி மூடியது. ஐந்து பேர் நின்றோம்.

தின்கா என் பக்கம் திரும்பினாள். அறுபத்து நான்கு ஆண்டுகளில் முதல்முறை.

"உங்க வீட்டுல இதெல்லாம் கிடையாதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சியே, லூபென். இது என்ன? உங்கப்பன் துணி காயப்போட வெச்ச கயிறா?"

அவள் ஜெகோவின் கையிலிருந்த கயிற்றைக் காட்டினாள்.

"கொடுக்கச் சொல்லு அதை. எங்கண்ணன் கல்லறையில வெக்கிறேன். இத்தனை வருஷம் பாவம், கடல் காத்துல நின்னுட்டிருந்திருக்கான்."

ஜெகோ என்னைப் பார்த்தான். நான் அந்த முடிச்சைப் பார்த்தேன். பிறகு கடலைப் பார்த்தேன்.

"எடுத்துக்க," என்றேன்.

காமென் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உருளையைத் தட்டிப் பார்த்தான். அவனுக்கு வேறு எதைப் பற்றியும் பேச விருப்பமில்லை. "ஏழுலயும் இதுதான் உறுதியான கான்கிரீட். உங்கப்பா சிமெண்ட்ல ஒரு கரண்டி திருடலை, ஐயா." நான் கேட்க விரும்பிய சொல் அதுதான். அதைக் கேட்டுக்கொண்டு, நிமிர்ந்து நடந்து, வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டேன். இரவு உணவுக்குச் சூப்பைச் சுடவைத்து அப்படியே வைத்துவிட்டேன். அந்த வீட்டில் ஆறு நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்றில்தான் தேய்மானம்.

இரண்டு வாரம் கழித்து ஜெகோ தொலைபேசியில் கூப்பிட்டான்.

"பெரியவரே, துளையை அடைக்கலாம்னு போனேன். பக்கத்துல இன்னொரு மாதிரி எடுத்துப் பார்த்தேன். கையில எடுத்தா உதிருது. பால்ல நனைச்ச ரஸ்க் மாதிரி."

"எந்தத் தூண்?"

"கேக்கணுமா?"

திங்கட்கிழமை குழு கூடும். காமெனின் புதிய அறிக்கையில் அரங்கத்தை இடிக்கச் சொல்லியிருப்பதாக ரொஸித்ஸா தெரிவித்தாள். பெயர் பொறித்த கல்லை வேண்டுமானால் வீட்டுக்கு அனுப்பி வைப்பார்களாம்.

நேற்று மாலை தின்கா என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. அவள் கையில் விதைப் பொட்டலம் இல்லை.

"மெழுகுவர்த்தி ஏத்தினா நிக்க மாட்டேங்குது. கயிறைப் புதைச்ச நாள்லேர்ந்து," என்றாள் தாழ்ந்த குரலில். "கல்லறையில நிழல் கிடக்குது, லூபென். தினமும் நாலு மணிக்கு. ஆளில்லாம."

"உன் கண்ணு..."

"என் கண்ணுக்கு என்ன? சூரியன் மேற்கே இருக்குது. எங்க நிழலெல்லாம் கிழக்கே விழுது. அது மட்டும் மேற்கே நீண்டு கிடக்குது, சூரியனைப் பார்த்து. உங்க தெருப் பக்கம்." அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். "எங்கண்ணனுக்கு உங்க தெருவுல என்ன வேலை?"

நான் கதவைச் சாத்தினேன். அவள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்கும்வரை உள்ளேயே நின்றேன்.

இன்று வானத்தில் ஒரு மேகமும் இல்லை. நான்கு மணிக்கு விறகு எடுக்க முற்றத்துக்குப் போனேன். எதிர்ச்சுவரில் என் நிழல் விழுந்தது. கோட்டு, தொப்பி, கக்கத்தில் விறகு.

பக்கத்தில் இன்னொன்று.

கை தூக்கியபடி.

நான் கையை நீட்டவில்லை. விறகைக் கீழே போடவும் இல்லை. சோம்பு மணம் முற்றம் முழுக்க இருந்தது. வெயில் இறங்கி என் நிழல் சுவரிலிருந்து மறைந்தது. அது மறையவில்லை. இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே விளக்கில்லாத சுவரில் இன்னும் இருக்கிறது.

இந்தக் காகிதத்தைத் திங்கட்கிழமைக்கு முன் ரொஸித்ஸாவிடம் கொடுப்பேன். குழுவில் படிக்கட்டும், தின்காவும் கேட்கட்டும். கயிற்றைத் தோண்டி எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்துப் பூசினால் தூண் நிற்கும் என்று நினைக்கிறேன். வைக்க வேண்டுமா, எங்கள் குடும்பக் கல்லறையில் சேர்க்க வேண்டுமா என்பதை அவர்கள் முடிவுசெய்யட்டும். அரங்கம் நிற்பதும் விழுவதும் இனி என் கையில் இல்லை. அம்மா இருந்தவரை அப்பா வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் திறக்கவில்லை.

மேஸ்திரி வெல்ச்செவ் மீனவர் மகன் பெட்கோவின் நிழலை அளந்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. எங்கள் குடும்பம் அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை. அப்பா அளந்தது அசெனை. மதியம் தாண்டிய வெயிலில் அவனை அசையாமல் நிற்கச் சொன்னார். கயிற்றின் மறுமுனையை அவன் தலை நிழலின் மேல் பிடித்திருந்தவன் நான், ஒன்பது வயது. கையை நீட்டி என்னைப் பிடித்துக்கொள்ள வந்தான், அசையாதே என்று அதட்டினேன். அந்த முடிச்சு நான் போட்டது.