பக்கத்து ஸ்டூல்

"ஏங்க… ஏங்க… குடைய மடக்குங்க!"

கயல் மடக்குவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. குடையில் தேங்கியிருந்த மழைநீர் அத்தனையும் கரியடுப்பில் இறங்கி, புஸ்ஸென்று எழுந்த புகையில் கடையே காணாமல் போனது. புகை விலகியபோது எதிரே இரண்டு கண்கள்… சிவந்து, கோபமாக. கோபத்திலும் அழகாகவே இருந்து தொலைத்தன.

"சாரிங்க."

"அடுப்ப அணைச்சுட்டு சாரியா? இனி கரி பத்தவே கால் மணி நேரம் ஆகும்."

தேனி அல்லிநகரத்தின் அந்தச் சந்தில் அவள் ஒதுங்கியதற்கு மழை பாதிக் காரணம். பூட்டிக் கிடந்த கடைகளுக்கு நடுவே ஒரு வாசலில் மட்டும் தொங்கிய சிவப்புக் காகித விளக்கு மீதிக் காரணம். டோக்கியோவில் வேலை பார்த்த மூன்று வருடமும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் சுற்றியது அங்குள்ள குடிக்கடைச் சந்துகளைத்தான். ஒருவர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து… எட்டுப் பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடை… கண் முன்னாலேயே வாட்டிக் கொடுக்கும் கடைக்காரர். மூன்று வார லீவில் சொந்த ஊர் சின்னமனூருக்கு வந்தவள், அதைத் தேனியில் பார்ப்போம் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இங்கும் எட்டு ஸ்டூல்தான். நடுவில் ஒன்று காலி. கயல் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், இடப்பக்கத்து ஆள் தட்டோடு எழுந்தார். வலப்பக்கத்து ஆளும் எழுந்தார்.

"பாத்தீகளா? உங்க ஒரு ஆளால எனக்கு ரெண்டு ஸ்டூல் போச்சு," என்றான் கடைக்காரன்.

"ஏலே விஜயபாண்டி, வந்த புள்ளய வையாதடா," என்றார் எழுந்து நின்ற மலைச்சாமி. தக்காளி மண்டி வைத்திருப்பவர்.

விஜயபாண்டி ஒரு சின்னக் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தான். உப்புப் போட்டு அவித்த மொச்சை.

"நான் கேக்கலயே?"

"உக்காந்ததும் கேக்காம ஒண்ணு வைக்கிறது இந்தக் கடை முறை."

கயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கனயும் அதான் முறை. நீங்க ஜப்பான்ல எந்த ஊர்ல இருந்தீக?"

"மதுரையத் தாண்டுனதில்லங்க. எல்லாம் போன்ல பாத்துக் கத்துக்கிட்டது."

"அங்கன பீர் குடுப்பாகளே?"

"இங்கன பன்னீர் திராட்சைச் சாறு. குடிச்சுட்டுப் பேசுங்க."

குடித்தாள். அப்புறம் பேசவே இல்லை… இன்னொரு டம்ளர் கேட்டதைத் தவிர.

மறுநாள் பேங்க் வேலை என்று தேனிக்கு வந்தாள். அதற்கு மறுநாள் தையல்காரர். நான்காம் நாள் சாக்குத் தேடவே இல்லை. அவளுக்குப் பிடித்திருந்தது, கடையும்… கடைக்காரனும். குச்சியில் குத்திய கோழிக்கறியை அவன் திருப்பும் வேகம், திருப்பும்போது ஒரு முறை நிமிர்ந்து பார்க்கும் அந்தப் பார்வை. அதற்காகவே அவள் இரண்டு குச்சி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

"அங்கன புதுசா ஒரு ஆள் வந்தா, இருக்கவுக முழங்கால ஒடுக்கிக்கிட்டு எடம் விடுவாக," என்றாள் ஒரு நாள். "தோள் இடிக்கும். யாரு எவருன்னு தெரியாது. ஆனா பத்து நிமிசத்துல சொந்தக்காரவுகளா ஆயிருவாக. தனியாக் கெடந்த எனக்கு அதான் வீடு."

"அப்ப… திரும்பிப் போயிருவீகளா?"

"இன்னும் மூணு வருசத்துக்கு ஒப்பந்தம் நீட்டச் சொல்றாக. திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும்."

அவன் குச்சியைத் திருப்ப மறந்தான். அன்று கறி கொஞ்சம் கருகியது.

வியாழக்கிழமை வந்தபோது கடை ஓரத்தில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப்புறம் ஒற்றை ஸ்டூல். மேலே புது எழுத்தில், 'பெண்களுக்கு மட்டும்'.

"உங்களுக்குத்தான்," என்றான் விஜயபாண்டி, முகமெல்லாம் பூரிப்பாக. "இனி யாரும் எந்திரிக்க வேண்டியதில்ல."

கயலுக்குச் சுருக்கென்றது. "பஸ்லதான் தனி சீட்டுன்னா இங்கனயுமா? தோளோட தோள் உக்காரத்தான்யா இந்தக் கடையே!"

"ஊரு உங்கள ஒரு வார்த்த சொல்லிரக் கூடாதுன்னுதான்…"

"ஊரு சொல்றத நான் பாத்துக்குவேன். நீங்க என்ன சொல்றீக?"

அவன் அடுப்பைப் பார்த்தான். அத்தனை பேருக்கு நடுவில் பதில் கேட்டுவிட்டாளே… ரோஷமும் வெட்கமும் சேர்ந்து அவன் வாயைக் கட்டின. அவள் குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கண்ணில் நீர் முட்டியது. போகட்டும், டோக்கியோவில் இடம் விட ஆட்களா இல்லை?

வெள்ளி, சனி, ஞாயிறு. போனில் பதில் கடிதத்தை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தாள். அவன் பதில் சொல்லாமல் இவளால் பதில் சொல்ல முடியவில்லை. அதை ஒப்புக்கொள்ள அவள் கூச்சப்படவுமில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம், அதே தூறல். இந்தத் தடவை குடையை வாசலிலேயே மடக்கினாள்.

தடுப்பைக் காணோம். நடு ஸ்டூலும் அதற்கு வலப்பக்கத்து ஸ்டூலும் மட்டும் காலி. கயல் நிமிர்ந்து நடந்துபோய் நடுவில் உட்கார்ந்தாள். இடப்பக்கம் மலைச்சாமி எழுந்திருக்கவில்லை. முழங்காலை ஒடுக்கிக்கொண்டார்.

"நல்லா உக்காரு ஆத்தா, எடமிருக்கு. நாலு நாளா வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் 'அவுக வந்தா எந்திரிக்கக் கூடாது'ன்னு சொல்லிச் சொல்லியே எங்க உசுர வாங்கிட்டான்."

விஜயபாண்டி கையைத் துடைத்தான். கடை திறந்த நாளாக வியாபார நேரத்தில் அடுப்பு மேடையைத் தாண்டாதவன்… தாண்டி வந்தான். வந்து வலப்பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். தோள் இடித்தது. விலகவில்லை.

"நீங்க என்ன சொல்றீகன்னு கேட்டீகல்ல…" இந்தத் தடவை அவன் பார்வை அடுப்புப் பக்கம் போகவில்லை. "போகாதீக. இந்தப் பக்கத்து எடம் எனக்கு வேணும். இன்னைக்கு மட்டும் இல்ல, எப்பவும்."

கயல் அவனையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து, அவன் பார்க்க ஒரே வரி எழுதி டோக்கியோவுக்கு அனுப்பினாள். 'திரும்பி வரவில்லை, நன்றி.'

"எனக்கும் நீங்கதான் வேணும். எங்க வீட்ல நான் பேசிக்கிறேன். ஆனா ஒத்தக் கடைய வச்சுக்கிட்டு அங்கன மாதிரி சந்துன்னு சொல்ல முடியாது. எதிர்க்க பூட்டிக் கெடக்குற கடைய நான் எடுக்கப் போறேன்."

"எனக்குப் போட்டியாவா?"

"பின்ன?"

"ஏலே, கறி கருகுதுடா!" என்று மலைச்சாமி கத்தினார்.

புகை கடையை நிறைத்தது. எட்டு ஸ்டூலிலும் ஆள் இருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.