'இல்லை' சொல்லும் வெண்கலப் பெண்

சதுக்கத்தில் வெண்கலப் பெண்ணை நிறுத்திய நாளில் ஊரே வாயைப் பிளந்து நின்றது. மணிக்கூண்டு உயரம்! அதைவிட அதிசயம், அவளுடைய தலை. கொஞ்சம் காற்று அடித்தால் போதும், அந்தப் பெரிய தலை மெதுவாக மேலும் கீழும் அசையும்.

செய்தவர் தூரதேசத்துச் சிற்பி. "இவள் எல்லாருக்கும் 'ஆமாம்' சொல்லும் பெண்" என்று சொல்லிவிட்டு தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். பாவம் மனிதர்! எங்கள் பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை' என்றுதான் அர்த்தம். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஊருக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது. "இந்த வருஷமாவது நான் இளைப்பேனா?" என்று ரொட்டிக்கடை பென்கா கேட்டாள். இல்லை! "அடுத்த தேர்தல்லயும் நான்தானே?" என்று மேயர் கேட்டார். இல்லை! அன்றிலிருந்து அவர் அலுவலகத்துக்குச் சுற்றுவழியில் போகிறார்.

பத்து வயது ரலிட்சாவும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால், ஒருநாள் அவளுடைய தம்பி அசேன் சிலையிடம் போய் நின்றான்.

"எங்கம்மா ஸ்பெயின்ல வேலை பார்க்கறாங்க. திரும்பி வருவாங்களா?"

தலை மேலும் கீழும் ஆடியது.

அன்று இரவு அசேன் சாப்பிடவில்லை. அம்மாவின் அழைப்பு வந்ததும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

"டேய், அது காத்துல ஆடுதுடா!" என்றார் அப்பா.

"காத்துக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

ரலிட்சாவுக்குத் தம்பியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரவெல்லாம் யோசித்தாள்.

காலையில் அவனைச் சதுக்கத்துக்கு இழுத்துப் போனாள்.

"நான் வரலை. அது பொல்லாத சிலை."

"நீ கேட்ட கேள்விதான்டா சரியில்லை. இப்ப பாரு." ரலிட்சா அண்ணாந்து கத்தினாள். "எங்கம்மா ஸ்பெயின்லயே தங்கிடுவாங்களா?"

தலை மேலும் கீழும் ஆடியது. இல்லை!

அசேனின் கண்கள் விரிந்தன. "நானும் கேக்கறேன்" என்று சிலையின் காலருகே போனான். வெண்கலக் கட்டைவிரலே அவன் தோள்வரை இருந்தது.

"அம்மா எங்களை மறந்துடுவாங்களா?"

சட்டென்று காற்று நின்றுவிட்டது. தலை அசையவில்லை. 'ஆடு, தயவுசெய்து ஆடு' என்று ரலிட்சா மனத்துக்குள் கெஞ்சினாள். கடை வாசலில் பென்கா மாவுக் கையோடு அப்படியே நின்றாள். ஒரு புறாகூடச் சிறகடிக்கவில்லை.

பிறகு மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. மரங்கள் சலசலத்தன. வானத்தை மறைத்துக்கொண்டிருந்த அந்தப் பெரிய முகம் மெல்லக் குனிந்து அசேனைப் பார்த்தது. நிமிர்ந்தது. மறுபடியும் குனிந்தது.

இல்லை. இல்லவே இல்லை.

அது வெறும் காற்றுதான். ரலிட்சாவுக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, கண்ணீர் வந்துவிட்டது.

"எதுக்குக்கா அழறே? அதான் சொல்லிடுச்சே!" அசேன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "சீக்கிரம் வா, அம்மாவுக்குப் போன் பண்ணணும்!"