‘இல்லை’ என்று எழுதாத வரி

அக்காள்மடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலை பதினொன்று. ஐப்பசி வானம் மூடிக் கிடந்தது. ரோடு முழுக்கக் கருவாட்டு வாடை. அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு முப்பத்தெட்டு நாள் கழித்து வருகிறேன். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பெயர் வீரபத்திரன். வீரமெல்லாம் பெயரோடு சரி.

வார்டு நர்ஸ் மாரிச்செல்வி என்னைக் கண்டதும் எழுந்தாள். என் மனைவி யுவராணி இங்கே லேபில் இருந்தவரை இருவரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

“வாங்கண்ணே. சாப்டீகளா?” என்றாள். கண் கலங்கிவிட்டது. “இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வந்துருக்கலாம்ல?”

“சின்ன வேலைதான் மாரி.”

சின்ன வேலைதான். ஒரு வரியை அழிக்க வேண்டும்.

இங்குள்ள பன்னிரண்டு கம்ப்யூட்டர்களுக்கும், ஒவ்வொன்றிலும் முதலில் உட்கார்ந்தவரின் பெயரையே வைத்திருந்தேன். லேப் கம்ப்யூட்டரின் பெயர் யுவராணி. எந்தப் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்று ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ‘ஹோஸ்ட்ஸ் ஃபைல்’ என்று ஒரு கோப்பு சொல்லும். பன்னிரண்டிலும் கையால் எழுதச் சோம்பல்பட்டு, வேலையை ஒரு மென்பொருளிடம் விட்டிருந்தேன். என் பட்டியலில் உள்ளதை அரை மணிக்கு ஒருமுறை அது எல்லாவற்றிலும் போய் எழுதிவிடும்.

புரட்டாசியில் லேபுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதே பெயர், வேறு முகவரி. பட்டியலில் பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை எழுதினேன். டீ குடிக்கப் போனேன்.

பட்டியலில் அழித்தால் மென்பொருள் அந்த வரியை மறந்துவிடும், அவ்வளவுதான். போய் அழிக்காது. அழிய வேண்டுமென்றால் அந்தப் பெயரை மறுபடி எழுதி, பக்கத்தில் ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற பாடம். நான் குறிக்கவில்லை. வார்டு கம்ப்யூட்டரில் பழைய வரி மேலே, புது வரி கீழே. மேலே இருப்பதைத்தான் அது நம்பும்.

மறுநாளே யுவராணிக்கு டெங்கு. இதே வார்டில் மூன்றாம் கட்டில். ரத்தத் தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டன என்று காலை எட்டேகாலுக்கே ரிப்போர்ட் தயாராகிவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த எங்கள் ஆஸ்பத்திரி லேபில், அனுப்பியாகிவிட்டது என்று நினைத்தார்கள். வார்டுத் திரையோ கழற்றிப்போட்ட பழைய கம்ப்யூட்டரைக் கேட்டுக் கேட்டு, ‘வரவில்லை’ என்றே காட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம், ஆபீஸ் அறையில் வேலையாக இருந்த எனக்குக் கட்டிலிலிருந்தே போன் செய்தாள்.

“ஏங்க, ரிப்போர்ட் வந்துருச்சா?”

“வந்துரும். லேபுல லேட் பண்ணுவாக.”

“நம்ம லேப வையாதீக” என்று சிரித்தாள்.

நாலு மணிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸ் பாம்பன் பாலத்தின் மேலே போகும்போது என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் தளர்ந்தன. எல்லோரும் காய்ச்சலைத் திட்டினார்கள். அவள் ஊரான உத்தரகோசமங்கையில் அவள் அய்யா, என் மாமனார், என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னால்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

வார்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து லேப் ரிப்போர்ட்டைக் காகிதத்தில்தான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். என் பட்டியலைத் திறந்து, யுவராணி என்று பழைய முகவரியோடு எழுதினேன். பக்கத்தில் ‘இல்லை’ என்று குறிக்க எவ்வளவு நேரமானதோ தெரியாது. கடைசியில் பொத்தானை அழுத்தினேன்.

‘மாறியது’ என்று வந்தது.

வரி போய்விட்டது. சும்மா ஒரு சோதனைக்காக அந்தப் பழைய முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அங்கே யாரும் கிடையாது. பதில் வரக்கூடாது.

பதில் வந்தது.

ஒரு நொடி விட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

மாரியைக் கூட்டிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். பழைய கம்ப்யூட்டர் அலமாரியில்தான் இருந்தது. வயரைச் சுற்றி நான் கட்டிய சணல் முடிச்சு அவிழவில்லை. மேலே தூசி.

“அண்ணே...” மாரி என் சட்டையைப் பிடித்தாள். “ஸ்பிரிட்டு வாடை அடிக்கிது. யாரு பாட்டில தொறந்தா?”

லேபிலிருந்து வீட்டுக்கு வரும்போது யுவராணியின் கைகளில் இருக்கும் வாசனை அது.

பெட்டியின் மேல் கை வைத்தேன்.

சூடாக இருந்தது. காய்ச்சல்காரியின் நெற்றிபோல.

வார்டுக்குத் திரும்பியபோது அரை மணி ஆகியிருந்தது. கோப்பைத் திறந்தேன். அழித்த வரி பழைய இடத்திலேயே இருந்தது. அதற்கு மேலே # போட்டு ஒரு குறிப்பு. # போட்ட வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது. மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதிக்கொள்வது.

# ஏங்க, ரிப்போர்ட் வந்துருச்சா?

நான் உடைந்துபோனேன். எல்லாவற்றையும் மாரியிடம் சொன்னேன். பழைய வரி, டீ, போன், எல்லாம். அவள் என்னைத் திட்டவில்லை. மூன்றாம் கட்டிலில் போய் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அவளுக்குப் பதில் சொல்லுங்கண்ணே” என்றாள் கடைசியில்.

அடுத்த வரியில் எழுதினேன்.

# வந்துருச்சு யுவா. காலையிலேயே வந்துருச்சு. எந் தப்புதான்.

அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மென்பொருள் வந்துபோனது. நான் எழுதியதைக் காணோம். அந்த இடத்தில் வேறொரு வரி இருந்தது.

# அப்ப வீட்டுக்குப் போவமா?