மைனஸில் நின்ற ஆட்டக்காரர்

தரவரிசையின் அடியில், நேற்றுச் சேர்ந்த கத்துக்குட்டிகளுக்கும் கீழே, பெயரில்லாத ஒரு கணக்கு இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. லெவல் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் நாற்பத்தொன்று.

விளையாட்டில் அப்படி ஒரு லெவலே கிடையாது. சேர்ந்தவுடன் எல்லோருக்கும் லெவல் ஒன்று. சாகச் சாகக் கூட அதற்குக் கீழே போக முடியாது. யாரோ ஓர் ஆட்டக்காரர் சிரிப்புப் பொம்மை போட்டுப் புகார் அனுப்பியிருந்தார். ஹில்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சர்வர் அவளுடைய பொறுப்பு.

வடகோடி ஊரான ஔலுவில் டிசம்பர் மாதம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பகல் என்று ஒன்று மிஞ்சுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆறு உறைந்து கிடந்தது. அலுவலகமே சின்னக் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கிளம்பிப் போயிருந்தது. மிச்சம் இரண்டே பேர்: மேலே ஹில்லா, கீழ்த்தளத்துச் சவுனாவில் இல்போ. சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி வியர்த்துக் குளிக்காமல் எந்த விருந்துக்கும் போகாத ஆள் அவன். ஐம்பதைத் தாண்டியவன், நிறுவனத்தின் மூத்த நிரலாளன், குறும்பில் மட்டும் பத்து வயது.

கதவுகளும் அவன் குறும்புதான். கோடையில் வேலை குறைந்திருந்தபோது, கட்டடத்தின் மின்பூட்டுகளை எல்லாம் விளையாட்டுச் சர்வரோடு இணைத்துவிட்டான். ஆட்டத்தில் உன் லெவல் என்னவோ அதற்கேற்ற கதவுதான் திறக்கும். உள்ளே வரவும் அட்டை காட்ட வேண்டும், வெளியே போகவும் காட்ட வேண்டும். முதலாளியின் லெவல் பன்னிரண்டு. தன் அறைக்கு வெளியே நின்று, "யாராச்சும் திறந்து விடுங்கப்பா" என்று கெஞ்சுவார். தீயணைப்புக்காரர்கள் பார்த்தால் அபராதம் நிச்சயம். ஆனாலும் யாருக்கும் அதை எடுக்க மனமில்லை.

ஹில்லா கணக்கைத் தோண்டினாள். அனுபவப் புள்ளிகள் ஏராளம். சண்டை ஒன்றுகூடப் போடாமல், சீராக, ஊறும் தண்ணீர் போல ஏறிக்கொண்டிருந்தன. கோளாறு உடனே புரிந்தது. பழைய காரின் தூரமானி கடைசி எண்ணைத் தொட்டதும் சுழன்று பூஜ்ஜியத்துக்கு வருமே, அதைப் போல, லெவல் கணக்கிடும் பெட்டிக்குள் அடங்காத அளவு எண் பெருத்துவிட்டது. கணினியில் அது பூஜ்ஜியத்தில் நிற்காது. மைனஸுக்குள் குப்புற விழும்.

கணக்கு கடைசியாக என்ன செய்தது என்று பார்த்தாள். விளையாட்டில் ஒன்றும் இல்லை. கதவுகளில் இருந்தது.

சவுனா தளத்துக் கதவு. அனுமதி இல்லை.
சவுனா தளத்துக் கதவு. அனுமதி இல்லை.

மூச்சு விடும் நேரத்துக்கு ஒரு வரி. வந்துகொண்டே இருந்தது.

இல்போ! சோதனைக்காகத் தனக்குத் தானே புள்ளிகளை வாரி வழங்கிக்கொள்வது அவன் வழக்கம். எண் கவிழ்ந்து, மைனஸாகி, இப்போது தன் கதவே தனக்குத் திறக்காமல் அந்தச் சூட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறான். கைபேசியில் அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அவனுக்கு ரத்த அழுத்தம் வேறு உண்டு.

தன் அட்டையோடு கீழே ஓடியிருக்கலாம். ஆனால் சவுனாக் கதவுக்கு அவளுடைய லெவல் போதாது. அதைச் சொல்லியே அவன் கேலி செய்வான். அவள் செய்யத் தெரிந்ததைச் செய்தாள். சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டியாக மாற்றினாள். ஒரே வரி. சர்வர் விழுந்து எழுந்தது.

மைனஸ் நாற்பத்தொன்று மறைந்தது. அந்த இடத்தில் வந்த லெவல், கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்திலும் வழிந்தது.

சவுனா தளத்துக் கதவு. திறந்தது.

கைபேசி ஒலித்தது. இல்போ.

"என்ன தாயே, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? தீ கீ பிடிச்சிருச்சா?"

"அப்பாடா! வெளிய வந்துட்டியா?"

"எங்கேருந்து? இப்பத்தான் பீர் எடுக்க உடை மாத்துற ரூமுக்கு வந்தேன். போன் இங்கதான கிடக்கு."

"கதவு திறக்கலன்னு அட்டையை வெச்சு வெச்சு எடுத்தியே?"

"நான் கதவுப் பக்கமே போகலயே. ஏன், என்னாச்சு?"

ஹில்லாவின் விரல் பதிவுகளை மேலே உருட்டிக்கொண்டிருந்தது. நேற்றும் அதே வரி. போன வாரமும். பனி விழுந்த முதல் நாளும். கதவுகளை இணைத்த அந்தக் கோடை நாள்வரை, இரவும் பகலும், ஓயாமல். அனுமதி இல்லை. அனுமதி இல்லை. யாரும் படிக்காத பதிவு அது.

"ஹில்லா, நீயா கீழ வந்த? கதவு திறந்து கிடக்கு, குளிருது."

"இல்போ, நீ மேல வா. இப்பவே. கேள்வி கேக்காம வா."

"இரு இரு. உள்ள யாரோ தண்ணி ஊத்துறாங்க."

அவளுக்கும் கேட்டது. சூடான கல்லில் தண்ணீர் விழுந்து சீறும் ஓசை.

"நம்ம பசங்கதான் எவனோ திரும்பி வந்திருக்கான். கேக்காம கொள்ளாம தண்ணி ஊத்துறது என்ன பழக்கம்? டேய், யார்ரா அது?"

கைபேசியை எங்கோ வைக்கும் சத்தம். வெறுங்கால் நடை. மரக்கதவு கிறீச்சிட்டது. பிறகு சீறல். மறுபடி சீறல். கரண்டி கரண்டியாக அல்ல, வாளியைக் கவிழ்த்தது போல. அது அடங்கியபோது அந்தப் பக்கம் எந்த ஓசையும் இல்லை.

"இல்போ?"

மாடிப்படிக் கதவு. திறந்தது.

அழுகை வந்தது. கோடையிலிருந்து அதைக் கீழே கட்டிப்போட்டிருந்தது அந்த ஓட்டைக் கணக்கு ஒன்றுதான். அதையும் அவளே சரிசெய்துவிட்டாள். பெரிய பெட்டியை அழித்தாள். பழைய வரியைத் திரும்ப எழுதினாள். சர்வரை விழவைத்தாள். அது எழுவதைக் காட்டும் கோடு மெல்ல நீண்டது. அதைத் தவிர எதையும் அவள் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். எங்கோ ஒரு பூட்டு சொடுக்கியது. எந்தக் கதவு என்று தெரியவில்லை. காற்றில் ஈர வெக்கை. சவுனாவில் உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலை வெந்த வாசம்.

சர்வர் எழுந்தது.

மைனஸ் நாற்பத்தொன்று.

அவளுக்கு அடக்கமாட்டாமல் விம்மல் வந்தது. போதும். இனி எந்தக் கதவும் அதற்குத் திறக்காது. திரையில் புதிய வரி ஒன்று வந்தது.

நிரலாளர் அறைக் கதவு. அனுமதி இல்லை.

அவளுடைய அறை.

தலையைத் திருப்பினாள். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் நடைவழி காலி. வெளிப்புறப் பூட்டில் வெளிச்சமே இல்லை.

உட்புறப் பூட்டில் சிவப்பு விளக்கு மின்னியது.

அனுமதி இல்லை.

மின்னியது. மின்னியது. வெளியே போக வழி கேட்டு, அவசரமே இல்லாமல். அவளுக்கும் கதவுக்கும் நடுவே.

பிறகு மின்னுவது நின்றது. அது கதவை விட்டுவிட்டது.