மாதிரி ஒன்று

பேருந்துப் பணிமனை வாசலில் இருந்த செம்மானி என்னும் இரத்தச் சோதனைக் கருவி, ஓட்டுநர் ஆதிமூலத்தின் விரலைக் குத்திவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது. அது பணிமனைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது; நான்கு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனையில் அவருக்கு இது மூன்றாவது சிவப்பு. நான்காவதும் வந்தால் இருபத்தாறு வருடமாகப் பிடித்த ஸ்டியரிங்கை ஒரேயடியாக விட வேண்டியதுதான். தன்னைக் கண்டுபிடித்தவளின் கணவர் ஆயிற்றே என்றெல்லாம் செம்மானி பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்து அவர் விஷயத்தைச் சொன்னபோது மனைவி வடிவாம்பாள் நிதானமாக மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் முப்பத்தோரு வருடம் செவ்வணுக்களோடு மாரடித்தவள்.

ஒரு செவ்வணு ஏறக்குறைய நூற்றிருபது நாள் வாழும். அதற்குள் கரு கிடையாது. அதனால் பட்ட அடியைத் தானாகச் சரிசெய்துகொள்ளத் தெரியாது. பட்டினி, தூக்கமின்மை, காய்ச்சல் எல்லாம் தழும்பாக அப்படியே நிற்கும். செம்மானி அந்தத் தழும்புகளைப் படித்து, நலமான மனிதரின் இரத்தத்தோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை, விலகினால் சிவப்பு. அரிவாள் செல் நோயாளிகளுக்கு வலி வருமுன் எச்சரிக்கத்தான் அவள் அதைச் செய்தாள். பிறகு பள்ளி, பணிமனை, நீதிமன்றம் என்று அது நுழையாத வாசல் இல்லை. அதில் அவளுக்குப் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் ஆதிமூலத்துக்கு என்ன குறை? வேளாவேளைக்குச் சாப்பிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் குறட்டை விடுகிற மனிதர். ஆஸ்பத்திரியில் எடுத்த பழைய பாணிச் சோதனைகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. அவள் அவருக்கும் தட்டு வைத்தாள். அவர் அதைத் தள்ளி வைத்தார்.

"மத்தியானச் சோத்தையும் பாதித் தூக்கத்தையும் விட்டா நாலு மாசத்துல பச்சை வந்துருமாம், வடிவு. டிப்போல பாதிப் பேரு அப்படித்தான் வண்டி எடுக்கான்."

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பட்டினி கிடந்தால் பச்சை என்றால், அந்த நலமான மனிதர் யார்?

அவளுக்குத் தெரியும். தொடக்க நாட்களில் ஒப்பிடுவதற்கு, எடுத்து ஒரு மணி நேரம் ஆகாத புது இரத்தம் வேண்டியிருந்தது. காலை ஆறு மணிக்கு ஆய்வகத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை. தன் மோதிர விரலையே குத்திக்கொண்டு, சீட்டில் 'நலமான மனிதர், மாதிரி ஒன்று' என்று எழுதி ஒட்டினாள். நோய்நொடி இல்லாதவள்தானே என்ற நினைப்பு. மத்தியானம் சாப்பிட மறந்து, நான்கு மணி நேரம் தூங்கி ஓடிய வருடங்கள் அவை. அந்தத் துளியின் பதிவுதான் நாட்டிலுள்ள எல்லாச் செம்மானிகளிலும் உட்கார்ந்திருக்கிறது.

"நான் கெடந்த பட்டினியத்தான் ஊருக்கெல்லாம் ஆரோக்கியம்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். வெட்கத்தில் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை, ஒப்பிடும் இரத்தத்தை மாற்றச் சொல்லி எழுதிய நான்கு பக்கக் கடிதத்தோடு தர வாரியத்துக்குப் போனாள். அதிகாரி ஜெயசீலி எழுந்து நின்று வரவேற்று, கடிதத்தைத் தொடுமுன் மேசை மேலிருந்த செம்மானியை முன்னே நகர்த்தினாள். களைத்த ஆராய்ச்சியாளரின் கையெழுத்தை நம்பக் கூடாது, சோதித்துவிட்டே எதையும் வாங்க வேண்டும் என்று விதி எழுதியவள் வடிவாம்பாள்தான். விரலை வைத்தாள். ஐந்து மாதம் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கிய இரத்தம். விளக்கு சிவப்பாக எரிந்தது.

"மன்னிச்சிருங்க மேடம். சிவப்பு வந்தா கடிதத்தை வாங்க எனக்கு அதிகாரம் கிடையாது."

மாதிரி ஒன்று தன் இரத்தம்தான் என்பதைச் சொல்லி, கடிதத்தை வேறு ஒருவர் மூலம் கொடுத்தால் ஆகாதா என்று வடிவாம்பாள் கேட்டாள். அது உங்களுடையதுதான் என்பதற்கு வேறு சாட்சி உண்டா என்று ஜெயசீலி திருப்பிக் கேட்டாள். அன்று அந்த ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை.

"உடம்பைத் தேத்திக்கிட்டு, பச்சை வந்ததும் வாங்க மேடம்" என்றாள் ஜெயசீலி. அவள் குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

மத்தியானம் வடிவாம்பாள் வீடு திரும்பியபோது ஆதிமூலம் சொம்புத் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் நாட்காட்டியை எடுத்து, அன்றிலிருந்து நூற்றிருபது நாளை எண்ணி ஒரு வட்டம் போட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய், காலையில் வடித்து வைத்திருந்த சோற்றை மூடிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.