கொம்பன் எழுதாத சொல்

காலை ஆறு மணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டுப் பின்கதவைத் திறந்த ஜாஸ்மின் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய வெள்ளை ராஜபாளையம் நாய் ராணி, வாயில் நுரையோடு விறைத்துக் கிடந்தது. பக்கத்தில் கடித்த கறித்துண்டு.

அவள் யாரிடமும் சொல்லுமுன் செல்போனில் படம் வந்தது. ராணியின் பிணம். ராஜபாளையம் நாய் வளர்ப்போருக்காக அவள் நடத்தும் இணைய மன்றத்தில், ‘கொம்பன்’ என்ற பெயரில் ஒளிந்திருப்பவன் போட்டிருந்தான்.

‘சாயங்காலத்துக்குள்ள அட்மின் வேலையை விட்டு ஓடிரு. இல்லேன்னா அடுத்தது நீ.’

நிறையப் பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். வியாபாரமே கூடாத மன்றத்தில் அவள் திருட்டுத்தனமாகக் குட்டி விற்கிறாள் என்று இரண்டு மாதமாக எழுதி நம்பவைத்திருந்தான் கொம்பன்.

சப்-இன்ஸ்பெக்டர் மாரீஸ்வரி வந்தாள். இரவில் ராணி குரைக்கவேயில்லை என்றார்கள் பக்கத்து வீட்டார்.

“கொம்பன் யாருன்னு சைபர் பிரிவு சொல்ல ஒரு வாரமாகும். உங்க மேல யாருக்குக் கடுப்பு?”

ராஜபாளையம் ரத்தினம், செட்டியார்பட்டி எட்வின் என்றாள் ஜாஸ்மின். இருவரும் மன்றத்தில் அவளைத் தினமும் ஏசுகிறவர்கள். இன்னொரு அட்மினான சிவபாண்டி நல்லவர். வீட்டுக்கு வந்து போகிறவர். ஒரே ஒரு முறைதான் உரசல். அவர் விற்ற குட்டிக்குக் காது கேட்கவில்லை என்று ஒருவர் எழுதிய புகாரை அழிக்கச் சொன்னார், இவள் மறுத்துவிட்டாள். அழிக்கும் உரிமை தலைமை அட்மினான இவளுக்கு மட்டுமே.

ரத்தினம் ஸ்டேஷனில் சீறினார். “திமிரு புடிச்ச பொம்பளை. தீவனம் விலை ஏறிப்போச்சுன்னு எழுதுனேன். பதிவு வெளியவே வரல.”

“தடுப்பூசி என்ன விலைன்னு கேட்டேன். அதையும் முடக்கிட்டா. அதுக்காக நாயைக் கொல்லுவனா?” என்றான் எட்வின்.

சிவபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இது ரத்தினம் வேலைதான் மேடம். ஜாஸ்மின் விலகிக்கிடட்டும். மன்றத்தை நான் பாத்துக்கிடுதேன்.”

மாரீஸ்வரி கொம்பனின் பதிவுகள் அத்தனையும் வாசித்தாள். பிறகு ஜாஸ்மினுக்குப் போன் போட்டு, ரத்தினம், எட்வின் இருவரின் பதிவுகளும் ஏன் நின்றன என்று கேட்டாள்.

“விலைன்னு எழுதுனா பதிவு தானா நின்னுரும். அட்மின் நாங்க ரெண்டு பேரும் பாத்துத்தான் விடுவோம். தெரிஞ்சா வியாபாரிக வேற மாதிரி எழுதுவாங்கன்னு வெளிய சொல்லல.”

“கொம்பன் பதிவு எத்தனை நின்னுச்சு?”

ஜாஸ்மின் நின்ற பதிவுகளின் பட்டியலைத் தேடிப் பார்த்தாள். “ஒண்ணுகூட இல்ல.”

பிற்பகலில் எல்லோரையும் ஜாஸ்மின் வீட்டுக்கு வரச்சொன்னாள் மாரீஸ்வரி.

“ரெண்டு மாசமா கொம்பன் நாய் வியாபாரத்தைப் பத்தியே எழுதுறான். ‘எம்புட்டுக்கு வித்தே, எம்புட்டு வாங்குனே’ங்கான். விலைங்கிற சொல்லை மட்டும் தொடல. மத்தவங்க அத்தனை பேரும் அதுல மாட்டுறாங்க. அதைப் பத்தித் தெரிஞ்சது அட்மின் ரெண்டு பேருக்குத்தான். ஒருத்தர் நாயைப் பறிகொடுத்து நிக்காங்க. பழகுன ஆளுன்னுதான் ராணியும் குரைக்கல. போனைக் குடுங்க சிவபாண்டி.”

ராணியின் படம் அதில் இருந்தது.

சிவபாண்டி ஜாஸ்மினை முறைத்தார். “அந்தப் புகாரை அழிச்சிருந்தா நாய் பொழைச்சிருக்கும். எங்கிட்ட குட்டி வாங்க ஒருத்தன் வரல. நீ அட்மினா இருக்கவரைக்கும் அந்தப் புகார் அங்கனயேதான் கெடக்கும்.”

ஜீப் கிளம்பியது. ஜாஸ்மின் சிவபாண்டியின் அட்மின் உரிமையை நீக்கினாள். காது கேட்காத குட்டி பற்றிய புகாரை மன்றத்தின் உச்சியில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள்.

முதல் பதில் ரத்தினத்திடமிருந்து வந்தது. ‘இன்னும் நீதான் அட்மினா?’

‘நான்தான்’ என்று எழுதி அனுப்பினாள்.