பேரம் பழகிய படகு

புதுவீட்டில் காய்ச்சும் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழியவேண்டும் என்றால், அந்தக் காலத்தில் வீட்டைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். அருணகிரியும் செல்வக்கனியும் குடியேறிய அன்று அவர்களுடைய பாய்ப்படகு, யாரும் சொல்லாமலே ஒரு பக்கம் சாய்ந்து கொடுத்தது. பால் சரியான திசையில் வழிந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுச் சிறு தோணிகளில் ஏறி வீடு திரும்பினார்கள். அவர்களில் பாதிப் பேருடைய வீடும் மிதந்துகொண்டுதான் இருந்தது.

தூத்துக்குடியில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு இது. எண்ணெயில் ஓடும் எந்திரங்களுக்குத் தடை என்பதால், கடல்மனை என்றாலே பாய்மரம்தான். ஒவ்வொரு கடல்மனையிலும் சுக்கான்மூளை என்று பேசும் கணினி ஒன்று உண்டு. குடியேறியவர்களுக்கு அது படகோட்டக் கற்றுக்கொடுக்கும். கூடவே அந்தக் குடும்பத்தின் பேச்சையும் போக்கையும் பார்த்துத் தானும் கற்றுக்கொள்ளும். ஆள் இல்லாதபோது படகைத் தானே ஓட்டவும் செய்யும். விதிகள் இரண்டே. ஓட்டத் தெரிந்துவிட்டது என்று அது சான்று சொல்லும்வரை துறைமுகத்துக்குள் திரும்ப முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அது தானாகக் குறுக்கே வரும். ஆபத்து என்பது மார்பளவு தண்ணீர்.

அருணகிரி மிளகாய் வற்றல் மொத்த வியாபாரி. முதலில் சொன்ன விலைக்கு ஒத்துக்கொள்வது அவர் குடும்பத்தில் இதுவரை யாரும் செய்யாத காரியம்.

"சுக்கானை முப்பது பாகை இடப்பக்கம் திருப்புங்கள்," என்றது படகு, பாடநூல் தமிழில்.

"முப்பதா? அநியாயமால்லா இருக்கு. பதினஞ்சு வச்சுக்கோ."

"காற்று முப்பது கேட்கிறது, ஐயா."

"காத்து கேக்கத்தான் செய்யும்."

பதினைந்துதான் திருப்பினார். பாய் படபடவென்று அடித்தது. ரசச்சட்டி செல்வக்கனியின் மடியில் வந்து உட்கார்ந்தது.

"அது சொன்னபடி திருப்புனா உங்களுக்கு என்ன கொறஞ்சு போவுது?" என்றாள், சேலையைப் பிழிந்துகொண்டு.

"இன்னைக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு அறுபது சொல்லும், பாரு."

மறுநாள் அது அறுபதுதான் சொன்னது, அவர் விட்டுக்கொடுக்காமலே. சொல்வதில் பாதிதான் நடக்கிறது என்று கண்டுகொண்டதும், வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு கேட்கப் பழகிவிட்டது. அருணகிரி தொண்டை வற்றப் பேசி முப்பதுக்கு இறக்கினார். படகு அழகாகத் திரும்பியது. "பாதிக்கு அடிச்சேன் பாத்தியா" என்று மீசையைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நாளில் படகு பாடநூலை ஓரமாக வைத்துவிட்டு, "உங்களுக்காக அம்பத்தஞ்சு, அண்ணாச்சி. இதுக்குக் கீழ கட்டாது" என்று பேச ஆரம்பித்தது.

செல்வக்கனிக்குத்தான் மூச்சு முட்டியது. கையை நீட்டினால் அடுப்பு, காலை நீட்டினால் கணவர். வெளியே கடல், உள்ளே பேரம். புயல் வருமா என்று கேட்டால்கூட நேரான பதில் கிடையாது. பேசிப் பேசித்தான் காற்றின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. கோவில்பட்டியில் அவள் தம்பிக்கு மண்மேல் நிற்கிற வீடு இருந்தது. ஆடாத தரையில் ஒரே ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் போதும் அவளுக்கு.

ஒரு காலையில் அவளே கேட்டாள். "கரைக்கு எப்பப்பா விடுவ?"

"ரெண்டு மாசம், மதினி."

"ரெண்டு நாள்," என்றார் அருணகிரி, காபியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீங்க சும்மா இருங்க. நெசத்தச் சொல்லு, எத்தன நாளாவும்?"

"நெசந்தான் மதினி. முப்பதுன்னா எவ்வளவுன்னு அண்ணாச்சிக்கு இன்னும் தெரியாது. அவர் திருப்புனது எல்லாம் பேரத்துல வந்த முப்பது."

இதில் நிஜம் எவ்வளவு, பேரத்துக்காக ஏற்றிச் சொன்னது எவ்வளவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அருணகிரிக்கு அந்தக் குழப்பமே இல்லை. எவ்வளவு பிடிவாதமான கடைக்காரரையும் மடக்கும் வித்தை ஒன்று அவர் கையில் இருந்தது: வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து நடப்பது.

அப்போது கடல் வற்றி, பக்கத்தில் ஒரு மணல்திட்டு வெளியே தெரிந்தது. "வா கனி, இந்தச் சங்காத்தமே வேண்டாம்" என்று அவளைக் கையைப் பிடித்து ஏணியில் இறக்கினார். மணலில் நடந்தபடி, "திரும்பிப் பாக்காத. பத்து எட்டுக்குள்ள கூப்பிடும்," என்றார் அடிக்குரலில்.

பத்து எட்டில் திட்டு முடிந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தபோது படகும் முதுகைக் காட்டிக்கொண்டு மெல்லப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போய், நாலாவது கடையில் விலை விசாரிப்பதுபோல அக்கறையில்லாமல் நின்றது.

"நம்ம கிட்ட இருந்துதான் படிச்சிருக்கு," என்றார் அருணகிரி. குரலில் பெருமை இருந்தது.

தண்ணீர் ஏறத் தொடங்கியது. கணுக்கால் நனைந்தது.

"கூப்பிடுங்க."

"மொதல்ல கூப்பிடுறவன் தோத்தான். பொறு."

கெண்டைக்கால் நனைந்தது. திட்டு இருந்த இடம் தெரியவில்லை. நாலு பக்கமும் ஒரே கடல். நடுவில், போவதற்கு இடமில்லாமல், நடந்து வெளியேறிய இரண்டு பேர். செல்வக்கனி கணவரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"ரெண்டு மாசம் சரி! நீ சொன்னதே சரி, ஏணியப் போடு!"

"கெடுத்துட்டியே," என்று முனகினார் அருணகிரி.

படகு உடனே திரும்பியது. அருகே வந்து நின்றது. ஏணி பாதி இறங்கி, அந்தரத்தில் நின்றுவிட்டது. சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் ஒருவர் கொடுக்கும்போது எந்தக் கடைக்காரருக்கும் நெஞ்சில் ஒரு நெருடல் வரும். கூடச் சொல்லியிருக்கலாமே என்று. சுக்கான்மூளைக்கும் அது வந்துவிட்டது.

"அது காலையில சொன்ன விலை, மதினி," என்றது. "இப்ப மூணு."

அருணகிரியின் முகம் தெளிந்தது. முழங்காலைத் தாண்டிய தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

"ரெண்டே கால். இல்லன்னா நாங்க இப்படியே போறோம்."